இடப்பக்கத்து ஆள்

எங்கள் தெருவுக்கு முதல் காரை ஓட்டிக்கொண்டு வந்தது ஒரு பெண். பெயர் லோகநாயகி. என் எதிர்வீடு. ஒரே பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர், நான் தமிழ் டீச்சர். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பியவர்கள், அவள் கார் வாங்கும்வரை. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது, மறைப்பானேன்.

புவனகிரியில் பெரிய ரோட்டைவிட்டு இறங்கினால் எங்கள் தெரு. இப்போது பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். அப்போது ஊர்க்காரர்கள் வாயில் அது வெறும் காலனி. லோகநாயகியின் மகள் அனுப்பிரியாவுக்குச் சின்ன வயதில் இழுப்பு நோய். மூச்சு வாங்க ஆரம்பித்தால் சிதம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஸ்டாண்டில் போய் டாக்சி கேட்டால், "ரோட்டுக்குத் தூக்கியாந்துடுங்க, உள்ள வந்தா வண்டி திரும்பாது" என்பார்கள். செங்கல் லாரி வந்து திரும்பிப் போகிற தெருவில் அம்பாசடர் திரும்பாதாம். காரணம் எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒரு மழைநாளில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்று ஏறியவளிடம், சீட்டில் துண்டை விரித்துக்கொண்டு உட்காரச் சொன்னான் டிரைவர். புடவை ஈரம் என்றுதான் சொன்னான். ஈரம் மட்டும் இல்லை என்று அவளுக்குப் பட்டது. அந்த மாதமே சிதம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள்.

விடியற்காலையில் தேரோடும் வீதிகளில்தான் கற்றுக்கொடுப்பார்கள். கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதி என்று தேர் போகிற வழியாகவே சுற்ற வைத்ததில், வலப்பக்கம் திரும்புவது மட்டும் அவளுக்குச் சீக்கிரம் கைவந்தது. இடப்பக்கம் ஒடிக்கச் சொன்னால் வண்டி நின்றுவிடும். பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி அவள் தெருவுக்குள் கொண்டுவந்த அன்று, எல்லோர் வாசலுக்கும் ஒரு தடவை ஓட்டிக் காட்டினாள். என் வாசலில் நிறுத்தி, "திரும்புதா பாரு சௌந்தரம்" என்றாள். அப்புறம் அது அவள் கார் மட்டுமாக இருக்கவில்லை. எங்கள் தெருப் பெண்களில் பலருக்குப் பிரசவவலி கண்டபோது ஏறிப் போனது அந்த வண்டியில்தான்.

அவள் புருஷன் காத்தவராயன் அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. மின்வாரியத்தில் லைன்மேன். அதற்கு முன்னால், வாலிபத்தில், காடாம்புலியூரிலிருந்து முந்திரி ஏற்றிப் போகிற லாரியில் கிளீனராக இருந்தவர். டிரைவர் உட்காருவது வலப்பக்கம், கிளீனர் இடப்பக்கம். ஓரத்தில் வருகிற சைக்கிள், ஆடு, பள்ளம் எல்லாவற்றையும் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டியது அவர் வேலை. அந்தப் பழக்கம் மனைவியின் காரிலும் தொடர்ந்தது. "இடப்பக்கம் சைக்கிளு... வரட்டும்... ம், போலாம்" என்று சொல்லிக்கொண்டே வருவார். "எனக்கும் கண்ணு இருக்குங்க" என்பாள் லோகநாயகி. பின்சீட்டில் நாங்கள் சிரிப்போம்.

அவளும் நானும் ஓய்வு பெற்றோம். அனுப்பிரியா சென்னையில் வேலைக்குப் போய் அங்கேயே கல்யாணமும் ஆகிவிட்டது. இழுப்பு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. காத்தவராயன் அண்ணனுக்குச் சர்க்கரை ஜாஸ்தியாகி சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்றார்கள். சிதம்பரத்தில் மெஷினுக்கு வரிசை நின்றது, கடலூரில் இடம் கிடைத்தது. செவ்வாயும் வெள்ளியும் போய் வர வேண்டும். மனிதர் ஒவ்வொரு தடவையும் அடம்பிடித்தார். "போனாலும் இப்படித்தான் இருக்கேன், போவலைன்னாலும் இப்படித்தான். என்ன உட்டுடு நாயகி" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். கெஞ்சி, திட்டி, அழுது, ஆள்விட்டுத் தூக்கித்தான் காரில் வைப்போம்.

அப்புறம் ஒரு நாள் அவரே செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கார் பக்கத்தில் நின்றார். அது எப்படி என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. பிற்பாடு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்துக் கதை சொல்வது எனக்குப் பிடிக்காது.

லோகநாயகிக்கு இடது கண் போய்க்கொண்டிருந்தது. சிதம்பரத்தில் கண் டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு செத்துவிட்டது, போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்று சொல்லியிருக்கிறார். கார் ஓட்டுகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. தலை நரைத்த ஒரு பெண்மணி புவனகிரியிலிருந்து தானே ஓட்டிக்கொண்டு வந்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. இவளும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து புருஷனிடம் மட்டும் சொன்னாள், இடப்பக்கம் எதுவும் தெரியவில்லை என்று. அவர், "அப்ப இடப்பக்கம் என்னுது" என்றாராம்.

அன்றிலிருந்து அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள், கடலூர்வரை, வழியெல்லாம் இடப்பக்கம். நாலுவழிச் சாலையில் லாரிகள் அணைத்துக்கொண்டு வருகின்றன என்று, ஊர்களுக்குள் புகுந்து போகிற பழைய ரோட்டில் போனார்கள். போகும்போது குரல் கணீரென்று இருக்கும். வரும்போதுதான் கஷ்டம். மெஷினில் படுத்து எழுந்தவருக்குக் கழுத்து நிற்காது, கண் தானாக மூடும். ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். இஞ்சித்துண்டைக் கடித்துக்கொள்வார். கண்ணாடியை இறக்கிவிட்டு வெயிலில் தலையை நீட்டிக்கொண்டு வருவார். "ஏன்ணா, சித்த தூங்கித்தான் வாயேன்" என்று நான் பின்னாலிருந்து சொன்னால், "தூங்குறதுக்கா வந்தேன்?" என்று முறைப்பார். கிழத்துக்கு வீம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு வந்த அனுப்பிரியா காரைப் பற்றிப் பேச்சை எடுத்தாள்.

"சென்னையில எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு கார வித்துட்டாங்கம்மா. எதுக்கு சொந்தமா ஒண்ணு? இன்சூரன்ஸு, சர்வீஸு, டயரு. போன்ல தட்டுனா வாசலுக்கு வண்டி வருது. நான் அங்கேர்ந்தே புக் பண்ணித் தர்றேன். வாரத்துல ரெண்டு நாள் ஓடுற வண்டிய வச்சிக்கினு என்னா பண்றீங்க?"

"உனக்கு வாசலுக்கு வரும்" என்றாள் லோகநாயகி.

"இப்ப யாரும்மா அதெல்லாம் பாக்குறாங்க? பிரியாணி கொண்டாரவன் அடுப்படி வரைக்கும் வர்றான்."

"பிரியாணி குடுத்துட்டுப் போறவன் வேற. வாந்தி எடுக்குற மனுசன ஏத்திக்கிட்டுப் போறவன் வேற. துண்ட விரிச்சி உக்காருன்னு உங்கப்பாவ ஒருத்தன் சொல்லட்டும், அன்னைக்கு நான் செத்துடுவேன்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். வழக்கமாக மகள் பக்கம் சாய்கிறவர் அவர். "கார் இருக்கணும்மா" என்றார், சத்தமாக. மகள் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது. எங்கள் தெருவிலேயே இப்போது டாக்சி வந்து நிற்கிறது, நானே ஏறியிருக்கிறேன். ஆனால் ரோட்டோரம் மழையில் நின்றது நான் இல்லையே.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. கடலூரில் என் தங்கையைப் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. அது உளுந்து பிடுங்குகிற காலம். எங்கள் பக்கத்தில் களத்தைத் தேடி யாரும் போவதில்லை, ரோடுதான் களம். காய்ந்த உளுந்துச் செடியை ரோட்டில் பாதிக்குப் பரப்பிவைத்து, ஓரத்தில் கல்லை வைத்துவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிக் காய் உடையும், சாயங்காலம் தூற்றி அள்ளிக்கொள்வார்கள். கார்க்காரர்கள் பெரும்பாலும் ஒதுங்கிப் போவார்கள், அடியில் சுற்றிக்கொள்ளும் என்று பயம். லோகநாயகி ஒதுங்க மாட்டாள். ஏற்றிக்கொண்டு போனால் அவர்களுக்கு ஒரு சுற்று அடித்துக்கொடுத்த மாதிரி என்பாள். அந்த வழியில் அவளுக்கு அதனாலேயே நல்ல பெயர். "டீச்சர் வண்டி வருது" என்று பெண்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்து வழிவிடுவார்கள்.

அன்றைக்கும் ஏற்றினாள். சக்கரத்தின் கீழ் செடி நொறுங்குகிற சத்தம் கேட்டது. முன்சீட்டில் குரல் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. எனக்கு அவர் பின்னந்தலைதான் தெரிந்தது, ஜன்னலில் சாய்ந்திருந்தது. அப்பாடா, இன்றைக்காவது தூங்கினாரே என்று நினைத்தேன். அடுத்த நொடி இடப்பக்கம் எதுவோ மோதிச் சரிந்தது.

செடியைப் புரட்டிவிட ஓரத்தில் குனிந்திருந்த ஒரு பெண். காரின் பக்கவாட்டுக் கண்ணாடி இடித்து விழுந்திருந்தாள். பெயர் மலர்க்கொடி என்று அப்புறம் தெரிந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அடிக்கப் போகிறார்கள் என்றே நினைத்தேன்.

யாரும் அடிக்கவில்லை. "ஐயோ, நம்ம டீச்சரு" என்றாள் ஒருத்தி. மலர்க்கொடி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "உங்க மேல தப்பில்ல டீச்சர், நாந்தான் பாக்காம குனிஞ்சிட்டேன்" என்றாள். அவள் மாமனார் கையைப் பிசைந்தார். "ரோட்டுல போட்டது எங்க தப்புங்க. கேஸு கீஸுன்னு போயிடாதீங்க. போன வருசமே போலீஸு வந்து மெரட்டிட்டுப் போச்சி" என்றார்.

அதற்குள் காத்தவராயன் அண்ணன் கதவைத் திறந்து இறங்கினார். ஊசி குத்திய கையில் கட்டு, வேட்டி நழுவுகிறது, நிற்க முடியவில்லை. காரைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "நான் தூங்கிட்டேன். என் தப்பு. நான் தூங்கிட்டேன்மா."

ஓட்டியவள் ஒருத்தி, தூங்கியவர் பக்கத்து சீட்டில். அதில் என்ன தப்பு என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. "ஐயாவுக்கு ஒடம்பு சரியில்ல போல, பாவம், உக்கார வைங்க" என்று அவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவர் உட்கார்ந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

லோகநாயகி மலர்க்கொடியின் பக்கத்தில் மண்டி போட்டிருந்தாள். எழுந்தாள். வகுப்பில் பேசுகிற அதே குரலில், "எனக்கு இடது பக்கம் கண்ணு தெரியாது. தெரிஞ்சேதான் வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன். இவ மேல தப்பில்ல. உங்க யாரு மேலயும் தப்பில்ல" என்றாள். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் பின்சீட்டில் உட்கார்ந்து எதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்!

அவர்கள் நம்பவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. "டீச்சர் பெரிய மனசு, பழிய தன் மேல போட்டுக்குறாங்க" என்றார் மாமனார். கண் தெரியாதவள் கடலூர்வரை கார் ஓட்டுவாளா என்று ஒருத்தி கேட்டே விட்டாள். உண்மையைச் சொன்னவளுக்குப் பாராட்டு கிடைத்தது. லோகநாயகி சாவியை அங்கே நின்ற ஒரு வாலிபனிடம் நீட்டினாள். மலர்க்கொடியை ஏற்றி அந்தப் பையனே சிதம்பரத்துக்கு ஓட்டிப் போனான். பின்சீட்டில் அவள் கையைத் தாங்கிப் பிடித்தபடி லோகநாயகி. முன்னால் காத்தவராயன் அண்ணன், கண்ணை இமைக்காமல் இடப்பக்கம் பார்த்துக்கொண்டு, ஆனால் குரல் கொடுக்காமல். அந்தச் சாவியை அவள் அப்புறம் கையால் தொடவில்லை.

மலர்க்கொடிக்குக் கையில் தகடு வைத்தார்கள். செலவெல்லாம் லோகநாயகிதான் பார்த்தாள். கை சேர்ந்தது, பழைய மாதிரி மடங்கவில்லை. அந்த வருஷம் மிச்ச உளுந்தைப் பிடுங்க அவளால் இறங்க முடியவில்லை. லோகநாயகி பார்க்கப் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் காபி போட்டுக் கொடுத்து உபசரித்தார்கள். "ஒரு வார்த்தை திட்டினா நல்லா இருக்கும் சௌந்தரம்" என்று என்னிடம் அழுதாள். திட்ட ஆள் இல்லாததால் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். கடலூர் புரோக்கர் ஒருவர் வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். வண்டி தெருமுனையில் திரும்பும்போது காத்தவராயன் அண்ணன் வாசலுக்கு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த செவ்வாயே டாக்சி வந்தது. அனுப்பிரியா சென்னையிலிருந்தே சொல்லி அனுப்பியது. வாசலுக்கே வந்தது, எங்கள் தெருவில் அழகாகத் திரும்பி நின்றது. டிரைவர் பெயர் சித்தார்த், இளவயசு. இறங்கிவந்து கதவைத் திறந்து, "மெதுவா ஏறுங்கய்யா" என்று கையைப் பிடித்து ஏற்றினான். துண்டும் இல்லை, பேச்சும் இல்லை. லோகநாயகி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தனை வருஷம் நெஞ்சில் கட்டிக்கொண்டிருந்ததை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் நின்ற மாதிரி எனக்குத் தோன்றியது.

பழக்கத்தில் அவர் முன்சீட்டில் ஏறியிருந்தார். நாங்கள் இருவரும் பின்னால். பெரிய ரோட்டில் ஏறியதுமே, "இடப்பக்கம் சைக்கிளு" என்றார். பையன் புன்னகைத்தான். "இடப்பக்கம் ஆடு... நிறுத்து... ம், போலாம்." பையன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள்ளேயே இன்னும் இரண்டு தடவை குரல் கொடுத்தார். "ஐயா, எனக்கு நல்லாத் தெரியுது. நீங்க நிம்மதியா சாஞ்சி தூங்குங்க, நான் பாத்துக்குறேன்" என்றான் அவன். அன்பாகத்தான் சொன்னான். அவன்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அவர் தூங்கவில்லை. போகும்போதும் இல்லை, வரும்போதும் இல்லை. பேசவும் இல்லை. இஞ்சித்துண்டு சட்டைப்பையிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து கட்டிலில் படுக்கவைத்தபோது, "அந்தப் பையனுக்கு ரெண்டு பக்கமும் நல்லாத் தெரியுது, நாயகி" என்றார், துக்கச் செய்தி சொல்கிற மாதிரி.

"நல்லதுதானங்க" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்து வாசலில் நின்றது. நான் பையை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், வெறுங்காலோடு.

"கௌம்புங்க, வண்டி வந்துடுச்சி" என்றாள் லோகநாயகி.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

"நாங்க போயி?"

"அதான் அந்தப் பையன் பாத்துக்குறானே. நான் எதுக்கு வரணும்?"

நான் சிரித்துவிட்டேன். அப்புறம் பார்த்தேன், அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அத்தனை நாள் கடலூர் போனது இடப்பக்கம் பார்ப்பதற்கு. ரத்தம் சுத்தமானது கூடவே நடந்த ஒரு காரியம், அவ்வளவுதான்.

லோகநாயகி கீழே உட்கார்ந்து கட்டிலுக்கு அடியில் அவர் செருப்பைத் தேடினாள். ஒன்று கிடைத்தது. இன்னொன்று அவளுக்கு இடப்பக்கம், முழங்காலை ஒட்டியே கிடந்தது. அவள் கையால் தரையைத் துழாவினாள், புடவையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி துழாவினாள். நான் எடுத்துக்கொடுக்கக் குனிந்தேன்.

அதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. "இடப்பக்கம் நாயகி... இன்னும் கொஞ்சம்... ம், அதான்."

அவள் செருப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். வெளியே பையன் ஹாரன் அடித்தான். கொஞ்ச நேரம் கழித்து அவர் காலை நீட்டினார், அவள் மாட்டிவிட்டாள்.

அன்றைக்குப் போய் வந்தோம். அடுத்த செவ்வாய்க்கிழமை என்ன சொல்லி அவரைக் கிளப்புவது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.